ஐஓஎம்எம்யூ இல்லாத டிஸ்ப்ளே கன்ட்ரோலர்: ஷ்மெம்மா, சிஎம்ஏவா, வேறு வழியா?

கேள்வி · பிப்ரவரி 3, மாலை 6.15

ஆர்ம்64 போர்டு, நான்கு கார்டெக்ஸ்-ஏ53, 1 ஜிபி ரேம். அதன் எல்சிடி கன்ட்ரோலருக்கு லினக்ஸ் டிஆர்எம் (கெர்னலின் திரை, வரைகலைப் பகுதி) டிரைவர் எழுதுகிறேன். ஐஓஎம்எம்யூ (டிவைஸ் பார்க்கும் முகவரியை ரேமின் உண்மை முகவரியாக மாற்றித் தருவது) கிடையாது. பிரைமரி பிளேனுக்கு ஒரே ஒரு முகவரி ரெஜிஸ்டர், 32 பிட். 1920×1080, எக்ஸ்ஆர்ஜிபி8888. புதிய டிரைவர்கள் பல ஷ்மெம் (ரேமில் சிதறிக் கிடக்கும் பேஜ்களால் பஃபர் தருவது) ஹெல்பரில் இருப்பதைப் பார்த்து அதையே எடுத்தேன். எஸ்ஜி டேபிளின், அதாவது பஃபர் துண்டுகள் இருக்கும் இடங்களின் பட்டியலின், முதல் முகவரியை ரெஜிஸ்டரில் எழுதுகிறேன். பூட் ஆனதும் படம் பட்டை பட்டையாகப் பாதி சரியாக வருகிறது. ஒரு நாள் ஓடிய பிறகு மேல் வரியில் இடது பக்கம் கொஞ்சம் தவிர எல்லாம் குப்பை. சிஎம்ஏ (தொடர்ச்சியான நினைவகத்துக்கென்று கெர்னல் ஒதுக்கும் பகுதி) பழைய முறை, தொடாதே என்கிறார்கள். கெர்னலின் சாதாரண ஒதுக்கீடான கேமலாக் போதுமா? எதை எடுப்பது?

பதில் · பிப்ரவரி 3, இரவு 9.40

மேல் வரியில் சரியாக இருக்கும் பிக்சல்களை எண்ணிப் பாருங்கள். 1024 வரும். பேஜ் (கெர்னல் ரேமைப் பங்கிடும் துண்டு) 4096 பைட், பிக்சலுக்கு 4 பைட். முதல் பேஜ் வரைதான் கன்ட்ரோலர் உங்கள் பஃபரைப் படிக்கிறது. அதற்குப் பிறகு ரேமில் பக்கத்தில் யாருடைய பேஜ் இருக்கிறதோ அதைத் திரையில் காட்டுகிறது. பூட் ஆன உடனே ரேம் காலியாக இருப்பதால் அடுத்தடுத்த பேஜ்கள் தற்செயலாக ஒட்டியே கிடைக்கும், அதனால்தான் பட்டை பட்டையாகச் சரி. நாள் போகப் போக ரேம் சிதறும், படமும் சிதறும்.

பழையது, புதியது என்று பார்த்து இதை முடிவு செய்ய முடியாது. பிக்சலைப் படிப்பது யார், படிப்பவருக்குப் பேஜ் டேபிள் தெரியுமா? கேட்க வேண்டியது இது ஒன்றைத்தான். உங்கள் கன்ட்ரோலருக்குத் தெரியாது. ஓர் ஆரம்ப முகவரியைக் கொடுத்தால் அங்கிருந்து நேராக 8294400 பைட் படித்துக்கொண்டே போகும். ஆகவே ஒட்டுமொத்தமாகத் தொடர்ச்சியான இடம் வேண்டும், அதுவும் 4 ஜிபிக்குக் கீழே.

யூஎஸ்பி டிஸ்ப்ளேக்கான யூடிஎல் டிரைவர் ஷ்மெம்மில் இருப்பதற்குக் காரணம், அங்கே பிக்சலைப் படிப்பது சிபியு. படித்துச் சுருக்கி யூஎஸ்பியில் அனுப்புகிறது. சிபியுவுக்குச் சிதறிய பேஜ் ஒரு பொருட்டே இல்லை. சிம்பிள்டிஆர்எம்மும் அப்படித்தான். அவற்றைப் பார்த்து உங்கள் கன்ட்ரோலருக்கு முடிவெடுக்க முடியாது.

கேமலாக் போதாது. ஒரு ஃபிரேம் சரியாக 2025 பேஜ். அதற்கு அடியில் பேஜ்களைப் பங்கிடும் பட்டி அலாகேட்டர் 4 கேபி பேஜில் ஒரே துண்டாகத் தரும் உச்சம் ஆர்டர் 10, அதாவது 2இன் 10ஆம் அடுக்கு, 1024 பேஜ், 4 எம்பி. (இந்த இழை முழுக்க 1 எம்பி என்றால் 1048576 பைட்.) உங்களுக்கு ஆர்டர் 11 வேண்டும், அப்படி ஒன்று அங்கே இல்லை. பழைய கெர்னல் கோடில் மேக்ஸ்_ஆர்டர் 11 என்று இருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், அது அப்போது 'இதற்குக் கீழே' என்ற பொருளில் இருந்தது. 6.4இல் 10 என்று திருத்தினார்கள், 6.8இல் பெயரையே மேக்ஸ்_பேஜ்_ஆர்டர் என்று மாற்றினார்கள்.

எடுக்க வேண்டியது ஜெம் டிஎம்ஏ ஹெல்பர் (ஜெம் என்பது டிஆர்எம்மின் பஃபர் மேலாண்மை). உள்ளே டிஎம்ஏ_அலாக்_டபிள்யூசி (டபிள்யூசி என்றால் கேஷைத் தவிர்த்து, எழுதுவதைத் திரட்டி ரேமுக்கு அனுப்பும் மேப்பிங்), அதற்கும் உள்ளே சிஎம்ஏ.

பிப்ரவரி 3, இரவு 10.05

'சிஎம்ஏ பழைய முறை' என்ற பேச்சு எங்கிருந்து வருகிறது என்று யோசித்தேன். அந்த ஹெல்பரின் பெயர் முன்பு ஜெம் சிஎம்ஏ. 6.1இல் ஜெம் டிஎம்ஏ என்று மாற்றினார்கள். கோடு போகவில்லை, பெயர்தான் போனது. காரணமும் நியாயமானது: ஐஓஎம்எம்யூ இருக்கும் போர்டில் இதே ஹெல்பர் சிதறிய பேஜ்களை எடுத்து, டிவைஸ் பார்க்கும் முகவரியில் மட்டும் தொடர்ச்சியாக அடுக்கித் தரும். அங்கே சிஎம்ஏ வேலையே செய்யாது. டிரைவர் கோடில் ஒரு வரிகூட மாறாது.

கேட்டவர் · பிப்ரவரி 4, காலை 8.20

மாற்றினேன். படம் சுத்தமாக வந்தது. ஆனால் வெஸ்டன் (ஜன்னல்களைச் சேர்த்துத் திரைக்கு அனுப்பும் கம்போசிட்டர்) ஆரம்பித்ததும் விழுகிறது. லாகில் 'அலாக் ஃபெயில்ட்', 2025 பேஜஸ், ரெட் -12. சிஎம்ஏ கான்ஃபிக்கில் தொடவில்லை, 16 எம்பி. இரண்டு பஃபர் 15.8 எம்பிதானே, போதாதா?

பிப்ரவரி 4, காலை 9.10

இரண்டு பஃபர் என்று நீங்கள் எண்ணியதில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது: கன்சோல். கன்சோலுக்கான எஃப்பிடெவ் எமுலேஷன், டிரைவர் ஏறும்போதே தனக்கென்று ஒரு முழு ஃபிரேமை எடுத்து வைத்துக்கொள்ளும், வெஸ்டன் வந்தாலும் விடாது. வெஸ்டனின் முதல் பஃபரோடு 16 எம்பி தீர்ந்தது. இரண்டாவது பஃபர் கேட்கும்போது -12.

கணக்கை எம்பியில் போடாமல் பேஜில் போடுங்கள். 16 எம்பி என்றால் 4096 பேஜ். சிஎம்ஏ அலைன்மென்ட் கான்ஃபிக் பொதுவாக 8, அதனால் பெரிய பஃபர் ஒவ்வொன்றும் 256 பேஜ் எல்லையில், அதாவது 1 எம்பி எல்லையில்தான் தொடங்கும். 2025 பேஜ் கேட்டால் நடைமுறையில் 2048 போகும். நடுவில் மிஞ்சும் 23 பேஜ் கர்சர் மாதிரிச் சின்னதற்குத்தான் ஆகும்: 64×64 கர்சர் 4 பேஜ்.

உங்களுக்குக் கன்சோல் 1, வெஸ்டன் 3 என்று வைத்தால் நான்கு ஃபிரேம், 32 எம்பி. அதே போர்டில் வீடியோ டிகோடர் இருந்தால் அதுவும் இதே குளத்தில் கை வைக்கும். 1080பி எச்.264க்கு உயரம் 16இன் மடங்காக 1088 ஆகும். என்வி12இல் ஒரு ஃபிரேம் 3133440 பைட், 765 பேஜ். எட்டு பஃபர் என்றால் ஏறத்தாழ 24 எம்பி. மொத்தம் 56. 64 வையுங்கள்.

1 ஜிபி போர்டில் 64 எம்பி வீணாகிறதே என்று தயங்க வேண்டாம். டிஸ்ப்ளே கேட்காத நேரத்தில் சிஎம்ஏ பகுதியை கெர்னல் பேஜ் கேஷுக்கும் புரோகிராம்களின் சாதாரண நினைவகத்துக்கும் கடன் கொடுத்துவிடும், கேட்கும்போது அங்கிருப்பதை இடம் மாற்றிவிட்டுத் திருப்பித் தரும். 'நோ-மேப்' போட்டு ஒதுக்கிவைத்தால்தான் அந்த இடம் மற்றவர்களுக்கு ஒரேயடியாகப் போச்சு.

பிப்ரவரி 4, காலை 9.25

எங்கே வைப்பது என்று சொல்ல விட்டுப்போனது. மூன்று இடம்: கெர்னல் கான்ஃபிக், பூட் கமாண்ட் லைனில் சிஎம்ஏ=64எம், அல்லது டிவைஸ் ட்ரீயில் (போர்டின் வன்பொருளை கெர்னலுக்குச் சொல்லும் கோப்பு) ரிசர்வ்ட்-மெமரி நோட். போர்டை வெளியே கொடுப்பதாக இருந்தால் டிவைஸ் ட்ரீ. 'ஷேர்ட்-டிஎம்ஏ-பூல்', 'ரீயூசபிள்', 'லினக்ஸ்,சிஎம்ஏ-டிஃபால்ட்' மூன்றும் வேண்டும். கமாண்ட் லைனில் சிஎம்ஏ= இருந்தால் டிவைஸ் ட்ரீயில் டிஃபால்ட் என்று குறித்த நோடை கெர்னல் ஒதுக்கித் தள்ளிவிடும். பூட்லோடரில் யாரோ எப்போதோ போட்ட சிஎம்ஏ=16எம் அப்படியே கிடந்தால், டிவைஸ் ட்ரீயில் 64 என்றாலும் 256 என்றாலும் ஒன்றும் நடக்காது. பூட் ஆனதும் மெம்இன்ஃபோவில் சிஎம்ஏடோட்டல் பாருங்கள். 65536 கேபி வந்தால் சரி.

இன்னொரு வாசகர் · பிப்ரவரி 5, மதியம் 1.30

சிஎம்ஏ இல்லாமலே ஓடும். ஆர்ஜிபி565க்கு மாறினால் ஃபிரேம் 4147200 பைட், 4 எம்பிக்குள். நேராக அலாக்_பேஜஸ், ஆர்டர் 10. எங்கள் போர்டில் பிரச்சினை இல்லை.

பிப்ரவரி 5, மதியம் 2.15

கணக்கு சரி. 1013 பேஜ், 1024க்குள் அடங்கும். டிரைவர் ஏறும்போது ஒரே ஒருமுறை எடுத்து, கடைசிவரை விடாமல் வைத்திருந்தால் ஓடும்.

சிக்கல் இரண்டாவது முறை கேட்கும்போது வரும். கம்போசிட்டர் செத்து மறுபடி எழுந்தாலோ, ரெசல்யூஷன் மாறினாலோ, மாட்யூலை இறக்கி ஏற்றினாலோ ஆர்டர் 10 துண்டு அப்போது மிச்சம் இருக்க வேண்டும். பட்டிஇன்ஃபோ கோப்பின் கடைசிப் பத்தி எத்தனை துண்டு மிச்சம் என்று காட்டும். பூட் ஆனதும் நூற்றுக்கணக்கில் இருக்கும், சில நாள் கோப்பு வேலை நடந்த இயந்திரத்தில் பூஜ்யம் வரைக்கும் வரும். மேசையில் வைத்துச் சோதிக்கும்போது மாட்டாது. வாடிக்கையாளர் இடத்தில் மூன்றாவது வாரம் 'பேஜ் அலொகேஷன் ஃபெயிலியர், ஆர்டர்:10' என்று விழும். பட்டி அலாகேட்டரில் பேஜ்களை இடம் மாற்றித் துண்டு சேர்க்கும் வேலை நடக்கும்தான், ஆனால் நகர்த்த முடியாத கெர்னல் பேஜ் ஒன்று நடுவில் உட்கார்ந்தால் அந்தத் துண்டு சேராது. சிஎம்ஏ அந்தப் பகுதிக்குள் நகர்த்த முடியாத பேஜை நுழையவே விடாது. அதன் மதிப்பு முழுவதும் அதில்தான்.

பிப்ரவரி 5, இரவு 8.50

ஒரு திருத்தம். 3ஆம் தேதி எழுதியதைப் படித்தால் இந்தப் போர்டில் ஷ்மெம்முக்கு இடமே இல்லை என்று தோன்றும். அது அவசரம். ஒரு வழி இருக்கிறது, வெஸ்டன் உங்கள் போர்டில் சிபியுவிலேயே வரைகிறது என்றால் அதையும் எடை போட வேண்டும்.

யூசர்ஸ்பேஸ் பஃபர்கள் எல்லாம் ஷ்மெம். டிரைவர் ஏறும்போது டிஎம்ஏ_அலாக்_டபிள்யூசி மூலம் ஒரே ஒரு 8 எம்பி ஸ்கேன்அவுட் (கன்ட்ரோலர் படிக்கும்) பஃபர். பிளேன் அப்டேட்டில் ஷ்மெம்மிலிருந்து அதற்கு நகல், டேமேஜ் கிளிப் சொல்லும் மாறிய பகுதி மட்டும். ஷேடோ பிளேன் ஹெல்பர்கள் இதற்கென்றே இருக்கின்றன. சர்வர் போர்டுகளில் வரும் மேட்ராக்ஸ் ஜி200, ஆஸ்பீட் இரண்டின் டிரைவர்களும் வீடியோ ரேமிலேயே பஃபர் வைக்கும் விராம் ஹெல்பரை விட்டு இப்படித்தான் ஷ்மெம்முக்கு வந்தன. அங்கே வீடியோ ரேம் சின்னது. விராம் ஹெல்பர் இரண்டு ஃபிரேம் அடங்கவேண்டும் என்பதற்காக மோடையே பாதி ரேமுக்குள் மட்டுப்படுத்தும்.

இதில் லாபம்: தொடர்ச்சியான இடம் ஒருமுறைதான் கேட்கிறீர்கள், அதுவும் ரேம் காலியாக இருக்கும்போது. 16 எம்பி சிஎம்ஏவே போதும். வரைவதும் கேஷ் உள்ள நினைவகத்தில். டபிள்யூசி மேப்பிங்கில் எழுதுவது வேகம், படிப்பது ஆமை. ஆல்ஃபா கலப்பதற்கு அடியில் இருக்கும் பிக்சலைத் திரும்பப் படிக்க வேண்டும், நிழலும் ஒளிபுகும் ஜன்னலும் உள்ள டெஸ்க்டாப்பை நேராக டபிள்யூசி பஃபரில் வரைந்தால் சிபியு அங்கேயே திணறும்.

நஷ்டம்: திரை முழுக்க ஒவ்வொரு ஃபிரேமும் மாறினால், 60 ஹெர்ட்ஸில் விநாடிக்கு 497664000 பைட் படித்து அதே அளவு எழுத வேண்டும். கன்ட்ரோலர் தன் பங்குக்கு அதே அளவு மறுபடி படிக்கும். ஒற்றை ஸ்கேன்அவுட் பஃபர் என்றால் படம் கிழியும், அதைத் தவிர்க்க இரண்டாக வையுங்கள். வீடியோ டிகோடரின் பஃபரை நகல் இல்லாமல் நேராகப் பிளேனில் போடும் வாய்ப்பும் போய்விடும்.

பட்டன், எழுத்து, அவ்வப்போது மாறும் எண் காட்டும் தொழிற்சாலைப் பலகை என்றால் இந்த வழியை நான் தேர்வு செய்வேன். வீடியோ ஓட வேண்டும் என்றால் ஜெம் டிஎம்ஏ.

கேட்டவர் · பிப்ரவரி 6, காலை 7.45

வீடியோ உண்டு. ஜெம் டிஎம்ஏதான். 64 எம்பி வைத்தேன், வெஸ்டன் ஓடுகிறது. ஆனால் சிஎம்ஏஃப்ரீ 3 எம்பிதான் காட்டுகிறது. விளிம்பில் நிற்கிறேனா? இன்னொன்று, திரையில் அங்கங்கே சின்னச் சின்னக் கோடுகள், பழைய படத்தின் துணுக்குகள், கொஞ்ச நேரத்தில் தானாக மறைகின்றன.

பிப்ரவரி 6, காலை 8.30

சிஎம்ஏஃப்ரீயைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கடன் போன பேஜ்களும் அதில் 'ஃப்ரீ இல்லை' கணக்கில்தான் வரும். டிரைவர்கள் உண்மையில் எவ்வளவு பிடித்திருக்கிறார்கள் என்று அறிய சிஎம்ஏ டீபக்எஃப்எஸ் கான்ஃபிக்கை இயக்கி, டீபக்எஃப்எஸ்ஸில் 'யூஸ்ட்', 'மேக்ஸ்சங்க்' கோப்புகளைப் பாருங்கள். மேக்ஸ்சங்க் 2025க்குக் கீழே போனால்தான் அடுத்த ஃபிரேம் கிடைக்காது.

பிழை எண்ணையும் பிரித்துப் பாருங்கள். -12 என்றால் இடமே இல்லை, குளத்தைப் பெரிதாக்க வேண்டும். -16 என்றால் இடம் உண்டு, ஆனால் அங்கிருக்கும் பேஜ் நகர மறுக்கிறது, யாரோ அதைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். அதற்குக் குளத்தைப் பெரிதாக்குவது மருந்தில்லை. டிஸ்ப்ளேக்கு மட்டும் தனி குளம் வைத்து, மெமரி-ரீஜியன் மூலம் இணைத்து, டிரைவரின் புரோபில் (டிவைஸ் கிடைத்ததும் ஓடும் பகுதி) ஓஎஃப்_ரிசர்வ்ட்_மெம்_டிவைஸ்_இனிட் கூப்பிடுங்கள். கூப்பிட மறந்தால் பிழை எதுவும் வராது, சத்தமில்லாமல் பொதுக் குளத்திலிருந்தே எடுக்கும். இந்த ஒரு வரியை விட்டுவிட்டு வாரக்கணக்கில் தேடுவது ரொம்பச் சாதாரணம்.

கோடுகளைப் பற்றி: நீளத்தை அளந்து சொல்லுங்கள். 16 பிக்சலா?

கேட்டவர் · பிப்ரவரி 6, காலை 9.05

ஆமாம், 16. எப்படித் தெரியும்?

பிப்ரவரி 6, காலை 9.20

ஏ53இன் கேஷ் வரி 64 பைட். பிக்சலுக்கு 4 என்றால் 16. சிபியு எழுதியது கேஷிலேயே தங்கிவிட்டது, ரேமுக்குப் போகவில்லை. கன்ட்ரோலர் ரேமில் உள்ள பழையதைப் படிக்கிறது. கேஷ் வரி தானாக வெளியேறும்போது கோடு மறைகிறது.

ஆனால் டிஎம்ஏ_அலாக்_டபிள்யூசி கேஷ் இல்லாத மேப்பிங் தரவேண்டுமே. தராததற்கு நான் முதலில் சந்தேகிப்பது டிவைஸ் ட்ரீயில் 'டிஎம்ஏ-கோஹெரன்ட்' என்ற வரி. வேறு போர்டின் நோடை நகலெடுக்கும்போது கூடவே வந்திருக்கும். அந்த வரி இருந்தால் கன்ட்ரோலர் சிபியு கேஷைத் தானே எட்டிப் பார்க்கும் என்று கெர்னல் நம்பி, சாதாரண கேஷ் மேப்பிங்கையே கொடுத்துவிடும். எடுத்துவிட்டுப் பாருங்கள்.

கேட்டவர் · பிப்ரவரி 6, காலை 11.50

இருந்தது. எடுத்தேன். கோடு போய்விட்டது.

பிப்ரவரி 7, இரவு 9.15

கேஷ் பேச்சு வந்ததால் இன்னொரு வழி. ஜெம் டிஎம்ஏ ஆப்ஜெக்டில் மேப்_நான்கோஹெரன்ட் என்று ஒரு கொடி உண்டு, இன்ஜெனிக் டிரைவர் பயன்படுத்துகிறது. பஃபர் தொடர்ச்சியாகவே இருக்கும், யூசர்ஸ்பேஸ் மேப்பிங் கேஷோடு இருக்கும், பிளேன் அப்டேட்டில் மாறிய பகுதியை மட்டும் டிரைவர் ரேமுக்குத் தள்ளும். சிபியுவில் வரைபவர்களுக்கு 5ஆம் தேதி சொன்ன நகல் வேலையைவிட மலிவாக முடியலாம். யூசர்ஸ்பேஸ் டேமேஜ் கிளிப் அனுப்ப வேண்டும் என்பது நிபந்தனை. அனுப்பாவிட்டால் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் 129600 கேஷ் வரிகளையும் தள்ள வேண்டிவரும். அப்படியானால் டபிள்யூசியே மேல்.

இன்னொரு வாசகர் · பிப்ரவரி 8, மாலை 4.00

ராஸ்பெரி பை 4இல் ஜிபியு டிரைவர் ஷ்மெம்மில்தானே இருக்கிறது? அங்கே படம் எப்படிச் சரியாக வருகிறது?

பிப்ரவரி 8, மாலை 5.30

அங்கே இரண்டு டிரைவர். வரைவது வி3டி, திரைக்கு அனுப்புவது விசி4. வி3டிக்குச் சொந்த எம்எம்யூ உண்டு, சிதறிய பேஜ் அதற்குப் போதும், அதனால் ஷ்மெம். விசி4 நேர் முகவரியில் படிப்பது, அதனால் ஜெம் டிஎம்ஏ. திரைக்குப் போகவேண்டிய பஃபரை மட்டும் யூசர்ஸ்பேஸ் கிராஃபிக்ஸ் நூலகமான மேசா விசி4இடம் டம்ப் பஃபராக (சாதாரணத் திரைப் பஃபர்) கேட்டு வாங்கி, டிஎம்ஏ-பஃப் (டிரைவர்களிடையே பஃபரைப் பகிரும் முறை) வழியாக வி3டிக்குக் கொடுக்கிறது. டெக்ஸ்ச்சர், இடைப்பட்ட பஃபர் எல்லாம் ஷ்மெம்மில் இருக்க, தொடர்ச்சி தேவைப்படும் இரண்டு மூன்று மட்டும் சிஎம்ஏவில். எதிர்த்திசையில் போனால், வி3டியின் சிதறிய பஃபரை ஜெம் டிஎம்ஏ டிரைவர் இறக்குமதி செய்யப் பார்த்தால், ஹெல்பர் தொடர்ச்சியைச் சரிபார்த்து -22 என்று திருப்பிவிடும். அந்தச் சோதனையை எரிச்சலில் நீக்கிவிடாதீர்கள். நீக்கினால் இந்த இழையின் முதல் கேள்விக்கே திரும்புவோம்.

அதே போர்டில் இன்னொரு பாடம். அங்கே சில டிவைஸ்களால் முதல் 1 ஜிபியைத் தாண்டி முகவரி போட முடியாது. ஆர்ம்64 கெர்னல் சிஎம்ஏவை 4 ஜிபிக்குள் எங்காவது வைக்கும், அது போதாது என்பதால் டிவைஸ் ட்ரீயில் அலாக்-ரேஞ்சஸ் போட்டு முதல் 1 ஜிபிக்குள் இழுத்துவைத்திருக்கிறார்கள். உங்கள் போர்டு 1 ஜிபி, இப்போது கவலை இல்லை. நாளை 4 அல்லது 8 ஜிபி வடிவம் வந்தால் கன்ட்ரோலரின் முகவரிக் கம்பிகள் எத்தனை என்று டேட்டாஷீட்டில் பார்த்து டிஎம்ஏ மாஸ்கை (டிவைஸ் எட்டக்கூடிய முகவரி வரம்பு) அப்படியே எழுதுங்கள். மாஸ்க் தவறினால் முகவரியின் மேல் பிட்டுகள் வெட்டுப்பட்டு வேறு இடத்தைப் படிக்கும்.

பிப்ரவரி 8, மாலை 5.45

பிட்ச், அதாவது ஒரு வரிக்கு எத்தனை பைட். 1920க்கு 7680 பைட், 64ஆல் மீதியின்றி வகுபடும், அதனால் தெரியாது. 1366 அகலப் பேனல் போட்டால் 5464. கன்ட்ரோலர் 64 எல்லை கேட்கிறது என்றால் 5504 ஆக்க வேண்டும். டம்ப்_கிரியேட்டில் இதைச் செய்யாவிட்டால் படம் சாய்ந்து நிற்கும். நினைவக ஒதுக்கீட்டில் பிழை என்று நினைத்துச் சிஎம்ஏவைக் குடைய ஆரம்பிப்பீர்கள். சாய்வு என்றால் பிட்ச், 1024 பிக்சலில் முறிவு என்றால் பேஜ், 16 பிக்சல் துணுக்கு என்றால் கேஷ்.

கேட்டவர் · பிப்ரவரி 11, காலை 10.10

மோட் மாற்றும்போது சில சமயம் திரை அரை விநாடி உறைகிறது. பஃபரைக் கமிட்டுக்குள் (திரை மாற்றத்தைச் செயல்படுத்தும் படி) எடுக்கவில்லை. கம்போசிட்டர்தான் பழையதை விட்டுப் புதியது கேட்கிறது.

பிப்ரவரி 11, காலை 11.00

கடன் கொடுத்த பேஜ்களைக் காலி செய்யும் நேரம் அது. பேஜ் கேஷ் நிரம்பிய இயந்திரத்தில் 2025 பேஜை இடம் மாற்றுவது இலவசம் அல்ல. விசி4 இதற்காகவே விடுபட்ட பஃபர்களை உடனே சிஎம்ஏவுக்குத் திருப்பாமல் ஒரு விநாடி தன் கையில் வைத்திருக்கும், அதற்குள் அதே அளவு யாராவது கேட்டால் அப்படியே கொடுத்துவிடும். உங்களுக்கு ஒரே பேனல், ஒரே அளவு. மூன்று நான்கு பஃபரைப் பிடித்துவைத்தாலே போதும். ஆனால் ஒரு புரோகிராம் விட்ட பஃபரை இன்னொன்றுக்குக் கொடுக்கும் முன் பூஜ்யமாக்கியே தீர வேண்டும், இல்லாவிட்டால் ஒருவர் திரை இன்னொருவர் கைக்குப் போகும். 8 எம்பியை அழிக்க ஆகும் நேரம் இடமாற்றத்தை விட மிகக் குறைவு.

முதலில் சிஎம்ஏ டிரேஸ்பாயின்ட்டை இயக்கி, அந்த அரை விநாடி உண்மையிலேயே சிஎம்ஏ_அலாக்கில்தான் போகிறதா என்று பாருங்கள். பேனலின் பவர்-ஆன் தாமதமும் இதே அளவுதான் இருக்கும்.

கேட்டவர் · பிப்ரவரி 11, இரவு 8.35

பார்த்தேன். சிஎம்ஏவில் 40 மில்லிவிநாடிதான். மீதி பேனலின் பிரிப்பேர் தாமதம். பஃபர்களைப் பிடித்துவைக்கும் கோடை எழுதவில்லை.